நேர்க்கோட்டில் விழுந்த குழி

‘தகடு’ எழுத்துருவைப் பற்றிப் பேசக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள். செங்குத்துக் கோடுகளின் நடுவில் மெல்லிய புடைப்பு ஒன்று இருக்கிறதே, அந்த யோசனை எப்படி வந்தது என்று. பட்டை பட்டையான, மூலைக்கு மூலை வெட்டிய, விண்கலத்தின் கதவில் எழுதி வைக்க வேண்டிய எழுத்து. ஆனாலும் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறதாம். ஒரு கூட்டத்தில் ஒருவர், இரும்புக்கு உயிர் கொடுத்தவர் என்று என்னைத் தூக்கி வைத்துப் பேசினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

யோசனையாவது, மண்ணாவது. அந்தப் புடைப்பு ஒரு தவறு. என் தவறு. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். வீட்டில் அம்மா என்னைக் கூப்பிடுவதே ‘வக்கீல்’ என்றுதான். டீயில் சர்க்கரை கூடிப்போச்சு என்றால்கூட இல்லை என்று அரைமணி நேரம் வாதாடுகிறவன் நான்.

அம்மா இருபத்தாறு வருடம் ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவள். இரும்புத் தகட்டை மடித்து அலமாரியும் மின்பெட்டியும் செய்கிற இடம். பெரிய இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் தகட்டைக் கொடுத்து மிதியை அழுத்தினால் படக்கென்று மடியும். மடித்ததை அம்மா கையில் தூக்கி, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணுக்கு நேராக விளிம்பைப் பிடித்துப் பார்ப்பாள். “வயிறு போட்டிருக்கு” என்றால் நடுவில் புடைத்துத்தான் இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் வரும். மேலே உட்கார்ந்திருந்த பொறியாளர்களே சந்தேகம் வந்தால் தகட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் இறங்கி வருவார்கள். பட்டறையில் அவளுக்கு ‘ரசமட்டம்’ என்று, கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற அன்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது, அத்தனை வருடம் பையில் வைத்திருந்த ஓரடி எஃகு ஸ்கேலைத்தான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. கண்ணின் பின்புறத்தில், பார்வை கூர்மையாக விழுகிற இடத்தில், வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்துவிட்டதாம். வலிக்கவில்லை, சிவக்கவில்லை, அதனால் நாங்கள் போனதே தாமதம். கண் டாக்டர் நல்ல பெண்மணி, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். அன்றைக்கு எங்கள் மூன்று பேரையும், அம்மா, நான், என் மனைவி, வரிசையாக உட்கார வைத்துச் சொன்னார்.

“போன கண் போனதுதான். இடது கண்ணுலயும் இதே வரலாம். வந்தா முதல்ல நேர்க்கோடு வளைஞ்சு தெரியும், இல்ல குழி விழுந்த மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா அன்னைக்கே வாங்க. ஊசி போட்டு நிறுத்திடலாம். நாளைக்குப் பாத்துக்கலாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இருந்தீங்கன்னா அப்புறம் என்னைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல.”

கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. தினமும் காலையில் அதைப் பார்க்க வேண்டும், எல்லாக் கோடும் நேராக இருக்கிறதா என்று. மனைவி அதை அம்மாவின் கண் உயரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், இதிலெல்லாம் கறார். இரண்டு வருடம் அம்மா ஒருநாள் விடாமல் பார்த்தாள். “எல்லாம் நேரா நிக்குதும்மா, உன் மாமியாரைத் தவிர” என்பாள் மருமகளிடம்.

அந்தச் சமயத்தில்தான் ‘தகடு’ வேலை வந்தது. விண்வெளியில் நடக்கிற ஒரு கணினி விளையாட்டுக்குத் தமிழ் எழுத்து வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டது. தடிமனாக, கோணமும் முனையுமாக, தொழிற்சாலையில் வார்த்த மாதிரி, இன்னும் நூறு வருடம் கழித்து வரப்போகிற மாதிரி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்த்தால் தெரியும். ட, ப, ம ஆகிய மூன்றும் பிறவியிலேயே கொத்தனார் பிள்ளைகள், சொன்னபடி நிற்கும். மற்றதெல்லாம் சுருண்டு படுத்த பூனைகள். ‘இ’யை நிமிர்த்தினால் ‘இ’யாகவே இருக்காது. ‘ஞ’வை எட்டு நாள் வரைந்து எட்டு நாளும் கிழித்தேன்.

ஒன்பதாம் நாள் அம்மா பின்னால் வந்து நின்றாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “வளைவை எதுக்குடா கட்டி அழற?” என்றாள்.

“அப்ப எப்படிப் போடறதாம்?”

“தகட்டுல வளைவே கிடையாது. மடிப்புதான். குழாய் வேணும்னு கேட்டா நாங்க என்ன பண்ணுவோம்? சின்னச் சின்னதா எட்டு மடிப்பு போடுவோம். தூரத்துலேருந்து பாத்தா உருண்டை. கிட்ட வந்தா மடிப்பு.”

“எழுத்தும் அலமாரியும் ஒண்ணாம்மா?”

“வக்கீல் சார், வாயை மூடிட்டு மடிச்சுப் பாருங்க.”

மடித்துப் பார்த்தேன். அன்று மாலைக்குள் ‘இ’ எழுந்து உட்கார்ந்தது. ‘ஞ’வும் ‘ழ’வும் அடுத்த வாரமே வழிக்கு வந்தன. எழுத்துருவுக்குத் ‘தகடு’ என்று பெயர் வைத்தது அவளுக்காகத்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே கிடையாது. அம்மாவும் பட்டறைக்குத் திரும்பப் போன மாதிரி, காலையில் எழுந்ததும் தலை வாரிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவாள்.

பெரிய எழுத்தைத் திரையில் வரைந்தால் போதாது, தாளில் அச்செடுத்துத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் தோதான இடம் சமையலறைதான். ஜன்னல் வெளிச்சம் நேராகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் விழும். நான் அதில் அச்சுத் தாள்களை ஒட்ட ஆரம்பித்தேன். இடம் பற்றாமல் ஒரு தாளின் மேல் இன்னொரு தாள். டாக்டர் கொடுத்த அட்டை அடியில் போய்விட்டது.

மனைவி இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள். “அட்டை எங்கங்க?”

“அடியில இருக்கு.”

“அத்தை எப்படிப் பாப்பாங்க?”

“அந்த அட்டையில மொத்தம் நாப்பது கோடு. என் தாள்ல நானூறு கோடு இருக்கு, அத்தனையும் நேர்க்கோடு. அம்மா நாள் முழுக்க அதைத்தானே முறைச்சுப் பாத்துட்டு நிக்கறாங்க? இதைவிட நல்ல பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?”

“அதுக்குன்னு கொடுத்தது அதுங்க.”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

அவள் பாத்திரத்தைத் துலக்கத் திரும்பிக்கொண்டாள். என்னிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது என்று அவளுக்குத் தெரியும். அம்மாகூட என் பக்கம்தான் பேசினாள்: “விடும்மா, இதுல ஒரு கோடு கோணினாலும் எனக்குத் தெரியாதா என்ன?”

வேலை முடிய ஒரு மாதம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை காலை, அம்மா தாளுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“இந்த ‘ட’வோட கால்ல குழி விழுந்திருக்கேடா.”

“எங்க?”

“நடுவுல. உள்வாங்கியிருக்கு, லேசா.”

போய்த் திரையில் பார்த்தேன். கோட்டின் மேல்முனையில் எந்த எண்ணோ கீழ்முனையிலும் அதே எண். இம்மி பிசகவில்லை. “நேராத்தாம்மா இருக்கு. கம்ப்யூட்டர் நேர்னு சொல்லுது.”

“கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்கா?”

இந்த இடத்தில் நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வேறு எவர் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். அந்த நிறுவனத்தின் கலைப் பொறுப்பாளர் ஒருமுறை ‘ற’ கொஞ்சம் சாய்கிறதோ என்று கேட்டதற்கு, அளவுப் படம் போட்டு நான்கு பக்கக் கடிதம் எழுதியவன் நான். ஆனால் இது ரசமட்டம் சொல்வது. அதோடு எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. நீளமான தடித்த கோடு ஒன்று உண்மையில் நேராக இருந்தாலும் கண்ணுக்கு நடுவில் ஒடுங்கின மாதிரி தோன்றும். தேர்ந்த கண்ணுக்கு மட்டும்தான் அது பிடிபடும். அதைச் சரிக்கட்ட நடுவில் மயிரிழை அகலம் கூட்டுவார்கள். படித்திருந்தேனே தவிர அந்தக் கண் எனக்கு வாய்த்ததில்லை. அம்மாவுக்கு வாய்த்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “படிச்சவனுக்கெல்லாம் தெரியாதது உனக்குத் தெரியுதும்மா” என்றேன்.

எழுத்தின் உயரத்தை ஆயிரம் பங்காகப் பிரித்துக்கொண்டு வேலை செய்வோம். நடுவில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பங்கு கூட்டினேன். அச்செடுத்து ஒட்டினேன். அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “ம், இப்ப நிக்குது” என்றாள்.

ஒன்பது நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். “இன்னும் குழி இருக்குடா. அன்னைக்குச் சரியா இருந்த மாதிரி இருந்துச்சு.”

“வேற தாள்லயுமா?”

“எதைப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு. நான் எந்த இடத்தைப் பாக்கறேனோ அந்த இடத்துலதான் குழி விழுது.”

இதை அவள் சொன்னாள். இதே வார்த்தைகளில் சொன்னாள். நான் அப்போது கையில் டீயை வைத்துக்கொண்டு, ஆகா, பார்வை விழுகிற இடம்தான் முக்கியம் என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாள் என்று வியந்துகொண்டு நின்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான்கு பங்காகக் கூட்டினேன்.

அதற்கும் பத்து நாள் கழித்து ஏழு பங்கு. அந்த முறை எனக்கே கொஞ்சம் உறுத்தியது, புடைப்பு வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல என்னால சொல்ல முடியலடா, கண்ணாடி வேற மங்குது, மாத்தணும். எனக்கு இப்ப நேராத்தான் தெரியுது” என்றாள். அவள் நேர் என்றால் நேர். கோப்புகளை அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் அங்கிருந்து பதில் வந்தது. இதுவரை பார்த்த மாதிரிகளிலேயே இதுதான் உயிரோடு இருக்கிறது, அந்த நடுப்புடைப்பை யார் சொன்னாலும் தொடாதீர்கள் என்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “நான் சொன்னேன்ல?” என்று மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அலமாரித் தட்டுக்குத் தாள் வெட்ட உட்கார்ந்தாள். அம்மாவின் எஃகு ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தவள், ஸ்கேலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“யாரு இதை மிதிச்சது? வளைஞ்சு போயிருக்கே. எத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்தேன்!”

நான் ஸ்கேலைப் பார்த்தேன். மேசையோடு மேசையாக ஒட்டிக் கிடந்தது. தாள் நுழைகிற இடைவெளிகூட இல்லை. ஏதோ கேலி செய்கிறாள் என்று சிரிக்க வாயெடுத்தேன். மனைவி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து நேராகக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனாள். தாள்களை ஒவ்வொன்றாக உரித்தாள். ஏழு தாளுக்கு அடியில் காந்தம் கழலாமல் அந்த அட்டை அப்படியே இருந்தது. அதைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் பிடித்து, கைக்குட்டையால் வலது கண்ணை மூடினாள்.

“அத்தை, நடுவுல புள்ளி தெரியுதா?”

“எங்க இருக்கு புள்ளி?” என்று கேட்டாள் அம்மா.

‘ட’வும் குழியும் இரண்டு பங்கும் நான்கு பங்கும் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வண்டியை எடுத்தேன்.

கண்ணைப் படமெடுத்துவிட்டு, அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்கார வைத்தார்கள். மனைவி அவளோடு இருந்தாள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“எப்போலேருந்து இப்படி? அவங்க இன்னைக்குத்தான்னு சொல்றாங்க. இது இன்னைக்கு வந்தது இல்ல. ரத்தம் கசிஞ்சு தழும்பே விழுந்திருக்கு.”

என் கைப்பேசியில் கோப்புகளின் வரிசை இருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி உண்டு. எடுத்து நீட்டினேன். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தேதியில் அம்மாவுக்கு இவ்வளவு குழி தெரிந்தது, இந்தத் தேதியில் இவ்வளவு. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று ‘ட’வையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“முதல் தேதியில வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“காப்பாத்தியிருக்கலாம், பெரும்பாலும்.”

“ரெண்டாவது?”

“ஓரளவுக்கு. பேப்பர் படிக்கற அளவுக்காவது.”

“மூணாவது?”

கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். இந்தத் தேதிகளை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம் என்றார். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட ஆள் என்னைத் தவிர யாரும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

“ஏண்டா, அந்த எழுத்துல குழி நிஜமாவே இருந்துச்சுல்ல?”

பக்கத்து சீட்டிலிருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன்.

“இருந்துச்சும்மா,” என்றேன். “நீ சொன்னதாலதான் சரி பண்ணினேன்.”

“நல்லவேளை. கடைசியா ஒரு வேலையாவது உருப்படியா பண்ணிருக்கேன்.”

மூன்று ஊசி போட்டார்கள். இடது கண்ணும் போனது. முழு இருட்டு இல்லை, ஓரத்தில் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது. “உன் மூஞ்சி இருக்கிற இடத்துல சாம்பல் கலர்ல ஒரு தட்டு வச்சிருக்குடா” என்று சிரித்தாள். என் முகம் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்ப்பாள். அப்போது ஓரத்தில் நான் கொஞ்சம் தெரிவேனாம்.

விளையாட்டு வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. ‘தகடு’ பேருந்துகளின் முதுகில் ஏறியது, உடற்பயிற்சிக் கூடங்களின் பலகையில் ஏறியது, கட்டடம் கட்டுகிறவர்களின் தகரவேலியில் ஏறியது. எங்கே திரும்பினாலும் அந்த ஏழு பங்கு. எனக்குத் தெருவில் நடக்கவே பிடிக்காமல் போனது. அதைவிடக் கொடுமை வீட்டில். வருகிறவர்கள் எல்லாரிடமும் அம்மா சொல்வாள்: “இவன் நேரா இருக்குன்னு சாதிச்சான். நான்தான் குழியைக் கண்டுபிடிச்சேன், ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு.” அவர்கள் பாராட்டுவார்கள். நான் டீ கொண்டுவரப் போகிறேன் என்று உள்ளே போய் அடுப்புப் பக்கம் நிற்பேன். “சொல்லிடுங்க, உள்ள வச்சுட்டு நீங்க மனுஷனாவே இல்ல” என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். என் பெரிய வாய்க்கு அந்த ஒரு விஷயம் மட்டும் வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல் அந்த நிறுவனத்திலிருந்து கனமான பொட்டலம் ஒன்று வந்தது. நன்றி தெரிவிக்கிறோம் என்று ஒரு சீட்டு. உள்ளே முழங்கை நீளத்தில், கெட்டித் தகட்டில் வெட்டிய ‘ட’. விளிம்பெல்லாம் மழமழவென்று தேய்த்து அனுப்பியிருந்தார்கள். தகட்டுச் சத்தம் கேட்டதும் அம்மா அறையிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

“என்னடா அது? எத்தனை கனம்? இங்க குடு.”

கொடுக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவள் மடியில் வைத்துக்கொண்டு முதலில் கனத்தைப் பார்த்தாள், விரல் நுனியால் மூலையைத் தடவினாள், தலையாட்டினாள். அவள் முகத்தில் ரொம்ப நாளாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. பிறகு பட்டறையில் செய்வதுபோலக் கட்டைவிரலை விளிம்பில் வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். பாதியில் விரல் நின்றது.

“வயிறு போட்டிருக்கே.”

விரலை அதே இடத்தில் மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

“யாரு வெட்டினது? நடுவுல நல்லாப் புடைச்சிருக்கு. திருப்பி அனுப்பு. வெட்டறவன் தூங்கிட்டான்.”

ஆமாம்மா, வெட்டினவன் தப்பு, திருப்பி அனுப்பிடறேன் என்று சொன்னால் முடிந்தது. வாசல் கதவைத் திறந்து வைத்துத் தப்பித்துப்போ என்று அவளே சொல்கிற மாதிரி இருந்தது. மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா தகட்டைத் திருப்பிக் காலின் அந்தப் பக்க விளிம்பிலும் கட்டைவிரலை இழுத்தாள். மெதுவாக இழுத்தாள். மறுபடியும் இந்தப் பக்கம். மறுபடியும் அந்தப் பக்கம்.

“ரெண்டு பக்கமும் ஒரே அளவு,” என்றாள். “வெட்டறவன் தப்பு பண்ணினா இப்படி ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வராது. இது வரைஞ்சதே இப்படி.”

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

“குழியை நிரப்பியிருந்தா நேராத்தானே இருக்கணும்? குழியே இல்லையா?”

“இல்லம்மா.”

“முதல் தாள்லேர்ந்தேவா?”

“முதல் தாள்லேர்ந்தே.”

அம்மாவின் உதடுகள் மெல்ல அசைந்தன. மனசுக்குள் நாட்களை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமை, அப்புறம் ஒன்பது நாள், அப்புறம் பத்து நாள். நான் எண்ணாத நாளில்லை.

“கம்ப்யூட்டர் நேர்னு சொல்லுதுன்னு அன்னைக்கு நீ சொன்னியே.”

“சொன்னேன்.”

“அப்புறம் ஏண்டா விட்ட? உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் என்கூட மல்லுக்கு நிப்பியே. சர்க்கரைக்குச் சண்டை போடுவ, ஜன்னலைத் திறந்து வச்சதுக்குச் சண்டை போடுவ. இந்த ஒரு விஷயத்துக்கு என்கிட்ட சண்டை போட்டிருக்கக் கூடாதாடா?”

“நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்னு நெனச்சேன்.”

அவள் என் காதுக்குப் பக்கத்தில் பார்வையைத் திருப்பினாள், என் முகத்தைப் பார்ப்பதற்காக. நான் அழுதுகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. ஒரு கையை என் தலைமேல் வைத்தாள். இன்னொரு கையின் கட்டைவிரல் அந்த ‘ட’வின் நடுவிலேயே இருந்தது.